பத்துக்கு ஒம்போது

பொருட்காட்சில பலூன் சுடுற கடை. எட்டு வயசு பாப்பா, ஏர்கன் கட்டைய கன்னத்துல அழுத்தி, மூச்சப் புடிச்சுக்கிட்டு சுடுது. பத்துக்கு ஒம்போது!

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு துப்பாக்கி"ன்னு பின்னாடி ஒருத்தர். கஷ்டமாயிருச்சு.

துப்பாக்கி சுடுறதுல பேர் வாங்கின ஆனி ஓக்லி ஞாபகம் வந்துச்சு. 1860ல அமெரிக்காவுல ஒஹையோல பொறந்தவங்க. சின்ன வயசுலயே அப்பா தவறிட்டாரு, வீட்ல பசி, துப்பாக்கிய தூக்கிக்கிட்டு காட்டுக்குப் போயி வேட்டையாடி வித்து அந்தக் காசுலயே அம்மாவோட வீட்டுக் கடன அடைச்சாங்க. 1885ல இருந்து, ஊர் ஊராப் போயி குதிரை, துப்பாக்கி வித்தை காட்டின பஃபலோ பில் ஷோவுல ஸ்டாரு. விளிம்பு மட்டும் தெரியற மாதிரி புடிச்ச சீட்டுக்கட்டு சீட்டையே ரெண்டா சுட்டுருவாங்க!

வேட்டை எனக்குப் புடிக்காது. ஆனா அந்தப் பசிய நெனச்சா அவங்கள தப்பு சொல்ல வாய் வரல.

பாப்பா இன்னொரு ரவுண்டு கேட்டுச்சு. அப்பா சிரிச்சுக்கிட்டே காசு நீட்டினாரு.