ஓரத்தில் விழுந்த கிராஸ்

"அக்கா, இப்படி வெட்டினா ஓரத்துல கிராஸ் வந்துருமேக்கா?"

"கஞ்சி போட்டா நின்னுக்கும். நீ வெட்டும்மா."

என்னோடு தைக்கும் பெண் கேட்டதும் நான் சொன்ன பதிலும் அவ்வளவுதான். கிராஸ் என்றால் துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டுப்பட்ட ஓரம், இழுத்தால் நீளும். குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தட்டையாக உட்கார்ந்தது, ஆர்டரையும் கொடுத்தாயிற்று. ஆனாலும் அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

12 அங்குலக் கட்டங்களை வைரமாகத் திருப்பி, அகலத்தில் 3, நீளத்தில் 4 என்று அடுக்கும் வேலை அது. நடுவில் இடைக்கட்டங்கள் போக, ஓரப் பள்ளங்களை நிரப்ப 10 முக்கோணம் வேண்டும். முறையாகச் செய்தால் 18¼ அங்குலச் சதுரம் எடுத்து, இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டி நாலாக்க வேண்டும். அப்போது நீளமான பக்கம் நேர் இழையில் (துணியின் இழை ஓடும் திசையில்) நின்று குவில்ட்டின் வெளி ஓரமாகிறது. கிராஸ் இரண்டு குட்டைப் பக்கங்களுக்குப் போய், கட்டங்களோடு சேர்ந்து தையலுக்குள் அடங்கிவிடும். 3 சதுரம் போதும்.

நான் வெட்டச் சொன்னது 12 அங்குலம் 7 நூல் சதுரம் (எட்டு நூல் ஓர் அங்குலம்). ஒரே வெட்டில் இரண்டு முக்கோணம், மொத்தம் 5 சதுரம். அளவு அதேதான், பொருந்தவும் செய்யும். ஆனால் 17 அங்குல நீளப் பக்கம் முழுக்கக் கிராஸ், அதுவும் வெளி ஓரத்தில்.

காரணம் துணி. 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) முதல் முறைக்கு 36½ அங்குலம் வேண்டும், இரண்டாவதற்கு 25¾ போதும். கையில் இருந்தது முக்கால் மீட்டர், அதாவது 29½ அங்குலம். அதே சாயத்தில் மறுபடி கிடைக்காது. வேறு நிறம் வைத்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அன்று அது தோன்றவே இல்லை.

கிராஸ் ஏன் இழுபடுகிறது என்பதற்கு நாடாக் கட்டிலை நினைத்துப் பார்த்தால் போதும். நாடா போகும் திசையில் இழுத்தால் அசையாது. மூலைக்கு மூலை இழுத்தால் ஒவ்வொரு சதுரக் கண்ணும் சாய்சதுரமாகச் சாயும். துணியின் நெடுக்கு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் அப்படித்தான். 45 பாகையில் வெட்டிய ஓரத்தைத் தாங்க அந்தத் திசையில் ஓர் இழைகூட இல்லை.

அதனால்தான் கஞ்சி. அதை வெட்டுவதற்கு முன் போட வேண்டும். வெட்டிய பிறகு ஈரம் பட்டால் கிராஸ் ஓரம் அப்போதே நீண்டுவிடும். தெளித்து, இழைக்குள் ஊறச் சில நிமிடம் விட்டு, இரண்டு பக்கமும் முழுக்கக் காயும்வரை தேய்க்க வேண்டும். ஊறாமல் தேய்த்தால் மேலேயே பொறுக்குத் தட்டி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டும். கொடைக்கானலில் நவம்பரில் மேகம் சன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் முறுக்காக இருந்த துணி சாயங்காலம் தளர்ந்துவிடுகிறது. இந்த மாதங்களில் அன்றைக்குத் தைக்கப்போவதை மட்டும் அன்றைக்கு வெட்டுவது நல்லது.

தைக்கும்போது கிராஸ் பக்கம் கீழே, துணியை நகர்த்தும் மெஷின் பல்லின் மேல் இருக்க வேண்டும். பல் அடித்துணியை உள்ளே இழுத்து மிச்சத்தைச் சமன் செய்துகொள்ளும். கிராஸ் மேலே இருந்தால் ஃபுட் (துணியை மேலிருந்து அழுத்தும் பாதம்) அதைத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் முனையில் ஒரு நாக்கு நீட்டி நிற்கும். கூர் முனையில் தொடங்கினால் துணி ஊசித் துளைக்குள் போய்ச் சிக்கும், அதனால் ஒரு துண்டுத் துணியில் தையலைத் தொடங்கி அப்படியே முக்கோணத்துக்கு ஓட்டிவிட வேண்டும். பெட்டியைத் தேய்த்து நகர்த்தக் கூடாது. வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். ஆவி வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் அவளுக்கும் தெரியும், ஒன்றுவிடாமல் செய்தாள். வெளி ஓரத்தில் ஒரு நூல் உள்ளே தள்ளி ஒரு காப்புத் தையலும் ஓட்டினாள். அப்படியும் டேப் வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் நடுவில் 68½, ஓரத்தில் 69¾. பத்து நூல் மிச்சம்.

சுற்றி வரும் பார்டர் பட்டியை நடு அளவுக்கே, 68½ அங்குலத்துக்கு, நேர் இழையில் வெட்டினோம். பார்டரையும் ஓரத்தையும் தனித்தனியாக நாலாக மடித்துக் குறி போட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்தி, பார்டர் மேலே, கிராஸ் கீழே வைத்துத் தைத்தாள். பத்து நூலும் உள்ளே போய்விட்டது. ஓரத்தை அளக்காமல் பார்டரை அதன் போக்கில் வைத்துத் தைத்திருந்தால் அலை அலையாகத்தான் வந்திருக்கும்.

அப்படியென்றால் நான் செய்தது சரிதானே? துணி மிச்சம், வேலை சுத்தம். ஆனால் அந்தக் குவில்ட்டை நிறுத்தியது கஞ்சி இல்லை, பார்டர். கஞ்சி தையல் முடியும்வரை ஓரத்தைப் பிடித்துக்கொடுக்கும், முதல் சலவையில் போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் கிராஸைப் பிடித்துக்கொண்டிருப்பது பார்டரின் நேர் இழைதான். "பார்டர் வரப்போகுது, அதனால பரவாயில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் கஞ்சி என்று சொல்லிவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. பார்டர் என் மனதிலேயே இல்லை. அவள் கேட்ட கேள்வி சரியானது, அதை அப்போதைக்கு அமுக்கத்தான் கையில் கிடைத்த பதிலைக் கொடுத்தேன்.

அடுத்த ஆர்டர் பார்டர் இல்லாதது. முக்கோணம் முடிந்த இடத்திலேயே ஓரப்பட்டி. துணி இரண்டு மீட்டர் இருந்தது, தாராளம். நான் வருவதற்குள் அவள் பத்தையும் வெட்டி முடித்திருந்தாள். எல்லாம் 12 அங்குலம் 7 நூல், எல்லாம் ஒரே வெட்டு.

"ஏம்மா, துணிதான் நிறைய இருக்கே?"

"அன்னைக்கு நின்னுச்சேக்கா. கஞ்சி நல்லாவே போட்டிருக்கேன்."

ஒன்றை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். காகிதம் போல விறைப்பாக இருந்தது.