எடுத்து வைக்கும் தோரணங்கள்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

போச்சம்பள்ளி சந்தை இன்று நிரம்பி வழிந்தது. மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்துமணி, நூல் குஞ்சம் என்று மாட்டுக்கு வேண்டியதெல்லாம் குவிந்திருக்க, நடுவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் விற்கிறார்கள். "கழுவிக் கழுவிக் கட்டலாம் அக்கா, பத்து வருடம் உழைக்கும்" என்றார் கடைக்காரர். உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோடை வெயில் பட்டால் போதும், பச்சை வெளிறிவிடும். அதற்குப் பிறகு எந்த வீட்டில் அதைத் தலைவாசலில் கட்டுவார்கள்? அடுத்த போகிக்கு நெருப்பில் போட்டு ஊரையே இரும வைப்பார்கள். குஞ்சம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 8, புதன்

மாவிலை பறிப்பதில் எங்கள் பக்கம் ஒரு சங்கடம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் மாந்தோப்புதான். ஆனால் பொங்கல் வருவதும் மரம் பூவெடுப்பதும் ஒரே சமயம். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். அழகாக இருக்கிறதே என்று நுனியை ஒடித்தால் அங்கே வர வேண்டிய காய் போயிற்று. அதனால் தோப்புக்காரர்கள் இந்த மாதத்தில் எல்லோரையும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பார்க்கட்டும், நியாயம் அவர்கள் பக்கம்.

சாமி படத்துக்கும் பொங்கல் பானைக்கும் உண்மையான இலை வேண்டும். அதில் அத்தையிடம் பேச்சே கிடையாது. அடிக்கிளையில் முற்றிய இலையாகப் பார்த்துப் பறித்தால் போதும். மற்ற நிலைகளுக்கும் சன்னல்களுக்கும் துணியில் தைக்கிறேன். பழைய பச்சை ரவிக்கைத் துணி இரண்டு மடிப்பு, நடுவில் விறைப்புக்குப் பக்ரம். நடுநரம்புக்கு இளம்பச்சை நூலில் ஓர் ஓட்டுத்தையல். காம்புப் பக்கத்தை நீளமாக விட்டு, கயிற்றின் மேல் மடித்துப் பிரஸ் பட்டன் போடுகிறேன். கயிற்றோடு சேர்த்துத் தைத்துவிட்டால் ஓர் இலை அழுக்கானாலும் மொத்தத்தையும் ஊறவைக்க வேண்டும். இப்படியானால் அந்த ஒன்றை மட்டும் கழற்றித் துவைக்கலாம். உல்லன் நூலில் பின்னுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் புழுதியை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் தெரு மண் தெரு.

ஜனவரி 11, சனி

நெற்கதிர்க் கொத்து எல்லோரும் கட்டுவதுதான். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் மாதங்கள் போனால் அந்துப்பூச்சி வைத்து, தொட்டால் உமிதான் மிஞ்சும். இது ராகி விளையும் மண். ராகியைப் பூச்சி சட்டென்று அண்டாது, வருடக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்கென்று குழியில் கொட்டி மூடிவைத்த தானியம் அல்லவா.

மாமா அறுப்பின்போதே எனக்காக ஒரு கட்டுக் கதிரைத் தாளோடு அறுத்து நிழலில் உலர்த்தியிருந்தார். வெயிலில் போட்டால் தாள் முறுகி ஒடியும். இன்று தாளில் மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, மூன்று மூன்றாகப் பின்னினேன். உள்ளங்கையை விரல்களோடு பாதி மடக்கியது போன்ற அந்தக் கதிர்கள் வரிசையாகத் தொங்கும்போது, செம்பழுப்பு நிறத்துக்கு வேறு அலங்காரமே வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை: தடவக் கூடாது. தடவினால் மணி உதிரும். வருகிறவர்கள் எல்லோரும் தடவித்தான் பார்ப்பார்கள்.

ஒரு கொத்தை மாமா வெளித்தாழ்வாரத்தில் கட்டிவிட்டார். சிட்டுக்குருவிக்காம். மாலைக்குள் பாதி காலி.

ஜனவரி 13, திங்கள், போகி

காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை. வீட்டு இறவாணம், மாட்டுக்கொட்டகை, வயல் மூலை எல்லாவற்றுக்கும். இதைத் துணியில் செய்யலாமா என்று என் நாத்தனார் கேட்டாள்; கூடாது என்றேன். காப்பு அலங்காரமல்ல. ஏரிக்கரையில் சும்மா முளைத்துக் கிடப்பதைப் பறித்துக் கட்டுவதும், அது அங்கேயே காய்வதும்தான் அதன் கணக்கு. எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு வெறி ஒன்றுமில்லை.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

நேற்று எழுத நேரமில்லை. இன்று மாமா பரணிலிருந்து சாக்கு மூட்டையை இறக்கினார். பித்தளைக் கொம்புக் குப்பிகள், சலங்கை கோத்த தோல் வார், சோழி தைத்த நெற்றிப்பட்டை. அவருடைய அப்பா காலத்துச் சாமான்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கறுத்திருந்த குப்பியின் விளிம்பில் வெட்டிய சின்னக் கோடுகள் தெரிந்தன. தோல் வாருக்கு விளக்கெண்ணெய். சோழிப் பட்டையில் நூல் இற்றுப்போன இடத்தில் அத்தை அங்கேயே உட்கார்ந்து கோத்துக் கொடுத்தார். வருடத்துக்கு ஒரு நாள் வெளியே வந்து, மறுநாள் துடைத்து மூட்டைக்குள் போகிற சாமான்களை மறுபயன்பாடு என்றெல்லாம் இங்கே யாரும் சொன்னதில்லை. சந்தையில் வாங்கிய குஞ்சமும் இன்றிலிருந்து அந்த மூட்டையில்.

ஜனவரி 19, ஞாயிறு

எல்லாவற்றையும் இறக்கியாயிற்று. துணி இலைகளில் அடுப்படிச் சன்னலில் இருந்தவை மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. துவைத்து, நிழலில் காயவைத்து, பழைய தலையணை உறையில் காய்ந்த வேப்பிலையோடு போட்டுவிட்டேன். பாச்சை உருண்டை போட்டால் அடுத்த தைக்கு வீடே நாறும்.

ராகித் தோரணத்தில்தான் சிக்கல். மடித்தால் ஒடியும். உத்தரத்தில் கட்டலாம் என்கிறார் மாமா. எலிக்குப் பந்தி வைத்த மாதிரி ஆகிவிடும் என்கிறார் அத்தை. இரண்டு பேருக்கும் பொதுவாக, முறுக்கு டின்னைக் காலி செய்து அதில் வளையமாகச் சுற்றி வைத்து மூடிவிட்டேன். மிச்ச முறுக்கு எவர்சில்வர் தூக்குக்குப் போயிருக்கிறது.