லைசென்ஸ் கொடுப்பவரே ஆராய்ச்சி செய்தால்

டெல்லியில் ஒரு மருத்துவமனையில், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் உறுப்பினர் செயலராக இருக்கிறேன். நோயாளியிடம் கூடுதலாக ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதென்றாலும், ஒப்புதல் படிவத்தை இந்தியில் படித்துக் காட்டினீர்களா என்று ஆராய்ச்சி மாணவர்களைக் குடைவதுதான் என் பிழைப்பு. டாக்டர்களையே ஆராயும்போது மட்டும் அந்தக் கண்டிப்பு எங்கே போகிறதோ!

டாக்டர்களைப் பதிவு செய்யும் அமைப்பு ஒன்று, தன்னிடமுள்ள புகார்க் கோப்புகளை வைத்து, எப்படிப்பட்ட டாக்டர் மேல் புகார் வரும் என்று கணிக்க விரும்பியது. எங்கள் பேராசிரியர் ஒருவர் அதில் கூட்டு. அதனால் விண்ணப்பம் எங்களிடம் வந்தது. அதில் டாக்டர்களின் ஒப்புதல் பற்றி ஒரே வரி: தகவல் எங்களுடையதுதானே.

ஆபத்து மிகக் குறைவென்றால், ஆளை அடையாளம் காண முடியாதென்றால், ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்குத் தர ஐ.சி.எம்.ஆர்-இன் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதலில் இடமுண்டு. ஆனால் விலக்கு தருவது கமிட்டி; ஆராய்பவர் தானாக எடுத்துக்கொள்வதல்ல. பெயரை நீக்கிவிட்டார்களாம். பட்டம் பெற்ற ஆண்டு, கல்லூரி, சிறப்புப் பிரிவு மூன்றும் அப்படியே இருந்தன. குழந்தைகள் இதய அறுவை சிகிச்சை டாக்டர் என்றால் எனக்கே ஆள் தெரிந்துவிடும்.

சரி, ஒப்புதல் வாங்கினால் தீர்ந்ததா? ஆர்.கே.புரத்தில் இருக்கும் மதுரைக்கார டாக்டர் அண்ணன் சிரித்தார். "லைசென்ஸைக் கையில வெச்சிருக்கிறவன் கேட்டா எவன்மா மாட்டேன்பான்? ஃபார்மைக் குடு, படிக்காமலே கையெழுத்துப் போடுறேன்." மேலதிகாரிக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்வதும் இதற்காகத்தான்.

அதற்காகக் கோப்பையே தொடக்கூடாது என்பவள் அல்ல நான். பிரிட்டனில் டாக்டர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவ கவுன்சில் 2014-இல் தன் கோப்புகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 2005 முதல் 2013 வரை, அதன் விசாரணையில் இருந்தபோதே 28 டாக்டர்கள் தற்கொலையால், அல்லது தற்கொலை என்று சந்தேகிக்கும்படி, இறந்திருந்தார்கள். இறந்தவர்களிடம் என்ன ஒப்புதல் கேட்பது? ஆனால் அங்கே கேள்விக்கு உள்ளானது விசாரணை நடத்தியவர்களின் முறை. இங்கே கேள்வி முழுக்க டாக்டர்கள் மேல்.

கமிட்டி மூன்று நிபந்தனை வைத்தது. அடையாளம் நீக்குவது வெளியாள் ஒருவர் பொறுப்பு. விலக விரும்பும் டாக்டர் எங்களுக்கு எழுதலாம், பெயர் அமைப்புக்குப் போகாது. முடிவுகளை எந்த ஒழுங்கு நடவடிக்கையிலும் பயன்படுத்தக்கூடாது. முதல் இரண்டுக்கும் உடனே சரி என்றார்கள். மூன்றாவதை எழுதித் தரச் சொன்னதும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.