70 வளைவும் ரெண்டு டயரும்

டயர் மாற்றியதிலிருந்து நாலு பேராவது கேட்டுவிட்டார்கள், "எந்தக் கம்பெனி போட்டே?" என்று. கேட்பதில் தப்பில்லை. ஆனால் எந்த வருஷத்து டயர், என்ன அளவு, முன்னுக்கு எது பின்னுக்கு எது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மூணு வருஷத்துக்கு முன்னால் நானும் கம்பெனி பெயரை மட்டும் சொல்லி டயர் வாங்கியவன்தான். அதில் என்ன ஆனது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் வண்டி பழைய ஸ்பிளெண்டர் பிளஸ். ஸ்போக் சக்கரம், டியூப் போட்ட டயர். மிளகு வியாபாரம் என்பதால் வாரத்துக்கு ரெண்டு தடவையாவது நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை போய் வருவேன். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சோளக்காடு. 2022 ஆகஸ்டில் பின் டயர் மொட்டையாகிவிட்டது என்று ஒரு கடையில் வண்டியை விட்டேன். நல்ல கம்பெனி டயராகத்தான் கேட்டேன், அதைத்தான் போட்டார்கள். மாட்டி முடிக்கிற வரைக்கும் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வந்து பார்த்தால் ரப்பர் முடியெல்லாம் நீட்டிக்கொண்டு புத்தம்புதுசாக இருந்தது, காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் மலையிலிருந்து இறங்கும்போது சாரல். பெரிய மழைகூட இல்லை, ரோடு நனைகிற அளவுக்குத்தான். ஒரு வளைவில் பின் பிரேக்கைத் தொட்டதும் பின் சக்கரம் தனியாக ஒரு பக்கம் போய்விட்டது. வேகம் குறைவு என்பதால் முழங்கால் சிராய்ப்போடு தப்பித்தேன். அந்த நேரம் எதிரே பஸ் எதுவும் ஏறி வரவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

மெதுவாக உருட்டிக்கொண்டு சேந்தமங்கலம் வந்து, வழக்கமாகப் போகும் பஞ்சர் கடை அண்ணனிடம் காட்டினேன். அவர் டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "இது எப்பங்க தம்பி வாங்குனீங்க?" என்றார்.

"ஆகஸ்ட்லங்ண்ணா."

"டயரு 2018லயே பொறந்திருச்சுங்க."

அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் 1118 என்று இருந்தது. முதல் ரெண்டு எண் வாரம், கடைசி ரெண்டு எண் வருஷம். 2018ஆம் வருஷத்தின் 11ஆவது வாரம், அதாவது மார்ச் மாதம். நான் வாங்கும்போதே அதற்கு நாலு வயது தாண்டிவிட்டது. ஓடாத டயர் தேயாது, ஆனால் ரப்பர் கெட்டிப்படும், அதுவும் நம் ஊர் வெயிலில் கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம். நகத்தை வைத்து அழுத்தினால் புது டயர் கொஞ்சம் கொடுக்கும், இது கொடுக்கவே இல்லை. அப்புறம் காற்றழுத்தத்தைப் பார்த்தார், 40 பிஎஸ்ஐ இருந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் வைக்க வேண்டிய அளவு அது, நான் அன்றைக்குத் தனியாகத்தான் வந்தேன். கெட்டிப்பட்ட ரப்பர், அதற்கு மேல் கெட்டியாகக் காற்று, கீழே நனைந்த ரோடு. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் மூன்றும் சேர்ந்துதான் என்னைத் தள்ளிவிட்டது.

அன்றையிலிருந்து டயரைக் குனிந்து படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். நமக்கு வேண்டிய தகவல் அத்தனையும் அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கிறது, கடைக்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை.

என் வண்டிக்கு முன்னும் பின்னும் 2.75-18. டயர் அகலம் 2.75 இஞ்ச், ரிம் விட்டம் 18 இஞ்ச். இப்போது வரும் டியூப்லெஸ் ஸ்பிளெண்டரில் 80/100-18 என்று இருக்கும், அதில் அகலம் 80 மில்லிமீட்டர், டயரின் உயரம் அந்த அகலத்தில் 100 சதவீதம், அதாவது அதுவும் 80 மில்லிமீட்டர், ரிம் அதே 18 இஞ்ச். இது வரைக்கும் பல பேருக்குத் தெரியும். இதற்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் விட்டுவிடுவார்கள். என் முன் டயரில் 42P, பின் டயரில் 48P. 42 என்றால் 150 கிலோ தாங்கும், 48 என்றால் 180 கிலோ. P என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதற்கான குறி. ஆக ரெண்டு டயரும் ஒரே அளவு என்றாலும் ஒன்று அல்ல. பின்னது ஆறு பிளை, முன்னது நாலு பிளை, பிளை என்பது டயரின் பலத்துக்கான கணக்கு. "ரெண்டும் 2.75-18 தானே, எதை எங்கே போட்டால் என்ன" என்று முன் டயரைப் பின்னால் மாட்டி, அதன் மேல் ரெண்டு பேர் உட்கார்ந்து, நடுவில் ஒரு மூட்டையும் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே பயமாக இருக்கும்.

இதைவிட அதிகமாக நடப்பது பின்னால் தேய்ந்த டயரைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு, பின்னுக்கு மட்டும் புதுசு வாங்குவது. மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துச் செய்கிறார்கள். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் வந்து இறங்கும். பின் சக்கரம் வழுக்கினால் சுதாரித்துக்கொள்ள ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. முன் சக்கரம் வழுக்கினால் என்ன நடந்தது என்று புரிவதற்குள் தரையில் கிடப்போம். தேய்ந்த டயர் ஒன்று வண்டியில் இருந்தே தீர வேண்டும் என்றால்கூட அது முன்னால் இருக்கக் கூடாது.

முன் டயரில் நீளவாக்கில் கோடு போட்டிருப்பதும், பின் டயரில் கட்டை கட்டையாகப் பட்டன் இருப்பதும் அழகுக்காக இல்லை. கோடு போட்ட டயர் திருப்பின திசையில் நேராகப் போகும், பட்டன் டயர் தரையைப் பிடித்துத் தள்ளும். சில பையன்கள் முன்னாலும் பட்டன் டயர் போடுகிறார்கள். செம்மண் காட்டுக்குள் ஓட்டுகிறவர்களுக்குச் சரி, தார் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பெரிய டயர் ஆசையும் உண்டு. 100/90 போட்டால் புல்லட் மாதிரி கும்மென்று இருக்கும் என்பார்கள். ஸ்பிளெண்டர் ரிம் ஒல்லியானது. அகலமான டயரை அதில் திணித்தால் ரெண்டு பக்கமும் நெருக்கப்பட்டு, நடு மட்டும் கூம்பி நிற்கும், ரோட்டில் படுகிற இடம் நினைத்த அளவுக்குக் கூடாது. செயின் கவரில் உரசலாம். 100 சிசி இன்ஜின் அந்த எடையையும் சேர்த்து இழுக்க வேண்டும், மைலேஜ் குறையும். முன் டயரின் உயரம் மாறினால் ஸ்பீடாமீட்டரும் தப்பாகக் காட்டும், ஏனென்றால் இந்த வண்டியில் அதன் கேபிள் முன் சக்கரத்திலிருந்துதான் வருகிறது. கம்பெனி போட்ட அளவையே போடுங்கள்.

எப்போது மாற்றுவது? பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் சின்ன மேடு ஒன்று இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது. சட்டப்படி இருசக்கர வண்டிக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காருக்கு 1.6. மலை ரோட்டில் மழையில் போகிறவர்கள் 0.8 வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து, நான் 2 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிடுகிறேன். ஆழத்தை மட்டுமில்லை, வடிவத்தையும் பார்க்க வேண்டும். சேலம் ரோட்டில் நேராக ஓட்டி ஓட்டி நடு மட்டும் தேய்ந்து டயர் சப்பையாகிவிடும். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. வளைவில் சாய்க்கும்போது அந்தச் சப்பையின் ஓரத்தில் ஏறி இறங்குவதுபோல் வண்டி சட்டென்று விழும். கொல்லிமலையில் அதை 70 தடவை உணரலாம்.

நாமக்கல் லாரி ஊர், அதனால் ரீபட்டன், அதாவது தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டுவது பற்றியும் கேட்பார்கள். லாரிக்கு அது நல்ல விஷயம், முறையாகச் செய்தால் நன்றாக ஓடும். ஆனால் அந்த லாரிக்காரர்களே முன் சக்கரத்துக்கு ரீபட்டன் போட யோசிப்பார்கள். நம் வண்டியில் இருப்பதே ரெண்டு சக்கரம், ஒன்று போனால் தாங்குவதற்குப் பக்கத்தில் இன்னொன்று கிடையாது. மொட்டை டயரில் கத்தியால் புதுசாகக் கோடு வெட்டி விற்பதும் உண்டு, அதைத் தொடவே வேண்டாம், வெட்டு ரப்பருக்கு உள்ளே இருக்கும் நூல் வரைக்கும் போயிருக்கும்.

கம்பெனி என்று பார்த்தால் நம் மாநிலத்தில் டயருக்குக் குறைவில்லை. எம்.ஆர்.எஃப் 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்வதில் ஆரம்பித்த கம்பெனி. யூரோகிரிப் டயர் மதுரைப் பக்கம் வெள்ளரிப்பட்டியில் தயாராகிறது. சியட்டும் எனக்குப் பழக்கம்தான். பெரிய கம்பெனி எதுவானாலும் சரியான அளவில், ஆறு மாதத்துக்குள் தயாரானது கிடைத்தால் வாங்கலாம். நான் இந்தத் தடவை போட்டது பின்னுக்கு எம்.ஆர்.எஃப் நைலோகிரிப் பிளஸ், முன்னுக்கு அதே கம்பெனியின் கோடு போட்ட டயர். ரெண்டிலும் 2025 தேதி. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, பில் வாங்கும்போது அதையும் பாருங்கள். டயர், டியூப், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு நாலாயிரத்துக்குள் முடிந்தது.

மாட்டுவதற்குச் சேந்தமங்கலம் அண்ணனிடமே போனேன், இந்தத் தடவை டீக்கடைப் பக்கம் போகவில்லை. டியூபும் புதுசு. பழைய டியூப் விரிந்து பெரிதாகியிருக்கும், புது டயருக்குள் அது மடிந்து உட்காரும், மடிப்பில் உரசி உரசி ஓட்டை விழும். 300 ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, மலை மேல் வெயிலில் வண்டியைத் தள்ள வேண்டியதாகிவிடும். ரிம்முக்குள் ஸ்போக் தலைகளை மூடி ஓடும் ரப்பர் பட்டை விரிசல் விட்டிருந்தது, அதையும் மாற்றச் சொன்னேன். டியூபுக்குப் பவுடர் தடவி, கொஞ்சமாகக் காற்று வைத்து உள்ளே விட்டார். டயரை ரிம்முக்குள் நெம்ப லிவர் போடும்போது டியூப் சிக்கிக் கிழிவதுதான் புது டியூப் பஞ்சர் ஆவதற்கு முக்கியமான காரணம். கடைசி ஒரு சாண் நீளத்துக்கு அவர் லிவரை எடுக்காமல் காலால் மிதித்தே உள்ளே இறக்கினார்.

டயரில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் சுற்றும் திசைக்கு அது பொருந்த வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் வால்வுக்கு நேராக வரும்படி வைப்பார்கள், டயரில் எடை குறைந்த பக்கம் அது. காற்று அடித்ததும் ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய வரி சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை, ஓட்டும்போது குதிக்கும்.

பின் சக்கரம் கையில் இருக்கும்போதே அதன் நடுவில் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களையும் பிரேக் ஷூவையும் பார்த்துவிடுங்கள், பேரிங்கில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். இதற்கென்று தனியாக யாரும் சக்கரத்தைக் கழற்றப் போவதில்லை. திரும்ப மாட்டியதும் செயின் டைட், ரெண்டு பக்கமும் அட்ஜஸ்டர் கோடு ஒரே இடத்தில் இருக்கிறதா, பிரேக் ராடு கழன்றுவிடாமல் பிடிக்கும் பின்னைப் போட்டார்களா என்று பாருங்கள். இந்தப் பின்னை மறந்துவிட்டு அனுப்பியதை ஒரு தடவை நானே என் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

காற்று முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் ஏற்றினால் 40ஐ ஒட்டி. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ இருக்கும், காற்று பிடிக்கும் பையனிடம் எண்ணைச் சொல்லிப் பிடியுங்கள், அதுவும் டயர் சூடாவதற்கு முன்னால். புது டயர் முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வழுக்கும். நான் அந்த முதல் வாரம் மலைக்கே போகவில்லை. நாமக்கல், ராசிபுரம் என்று சமவெளியில் ஓட்டி, மேல்தோல் உரிந்து சொரசொரப்பானதும்தான் காரவள்ளிப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். நேற்று இறங்கும்போது சாரல் இருந்தது. அதே வளைவில் மெதுவாகப் பிரேக்கைத் தொட்டேன், வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே வந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டைக் குனிந்து பார்த்தேன். 2.50-16, முன்னும் பின்னும் ஒரே டயர். அவர் அதில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போகிறார், தீவன மூட்டை ஏற்றுகிறார், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். பட்டன் நிறைய இருந்தது. பக்கவாட்டில் சேற்றைத் துடைத்தேன், 3916. "நல்லாத்தானே இருக்குது, எதுக்குடா மாத்தோணும்?" என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து அந்த எண் மேல் வைத்து, வருஷத்தை எண்ணிக் காட்டினேன். நாளைக்குக் காலையில் எக்ஸ்எல் சேந்தமங்கலம் போகிறது.