பரணிலிருந்து பயணப் பைக்கு: ஓய்வுக்கு முன் வீட்டை இலகுவாக்கிய அனுபவம்

நெய்வேலி நகரியத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஓய்வு பெறும் தேதியோடு இன்னொரு தேதியும் சேர்ந்தே வரும். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதையொட்டி உருவான ஊர் இது. வட்டம் என்று எண்ணிட்டு அழைக்கப்படும் பகுதிகளில் நாங்கள் குடியிருந்த வீடுகள் நிறுவனத்துக்கு உரியவை; பணி முடிந்தபின் குறித்த காலத்துக்குள் வீட்டைக் காலி செய்து, மின்விசிறி முதல் தண்ணீர்க் குழாய் வரை சரிபார்த்து ஒப்படைத்தாக வேண்டும். என் கணவர் சுரங்கப் பிரிவில் பணியாற்றி அறுபது வயதில் ஓய்வு பெற்றார். அதன்பின் சில ஆண்டுகள் ஓர் ஊரில் ஒரு மாதம் என்று தங்கி நாட்டைச் சுற்றிப் பார்ப்பதென்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். பொருள்களை வைத்துக்கொள்ள எங்களுக்குக் கிடைத்த இடம், சிதம்பரத்தில் என் தம்பி வீட்டு மாடியில் ஓர் அறையும் ஒரு சிறு சமையற்கட்டும் மட்டுமே. நான்கு அறைகளிலும் இரண்டு பரண்களிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் நிறைந்திருந்த குடும்பத்தை அந்த ஓர் அறைக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஓய்வுக்கு ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே வேலையைத் தொடங்கினோம். இதைச் செய்ய எண்ணுவோருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கால அவகாசத்தைப் பற்றித்தான். கடைசி மாதத்தில் செய்தால் எல்லாம் பழைய பேப்பர்காரரிடமும் இரும்புக் கடையிலும் போய்ச் சேரும். மனமும் கசந்து போகும். ஓராண்டு தொடாத பொருளை வெளியேற்றிவிடு என்று பலர் சொல்லும் விதியும் எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை. கொலு பொம்மை ஆண்டில் பத்து நாள்தான் வெளியே வரும். பெரிய அண்டா கல்யாணம், காதுகுத்து என்று எப்போதோ ஒருமுறை இறங்கும். அதனால் அவை வேண்டாதவை ஆகிவிடா. நாங்கள் வைத்துக்கொண்டது வேறொரு முறை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பொருளின் பெயரை எழுதி, எதிரே அது யாருக்குப் போக வேண்டும் என்று எழுதினோம். பெயர் எழுதப்படாத பொருள், பெயர் கிடைக்கும் வரை காத்திருந்தது. இன்னாருக்குப் பயன்படும் என்று தெரிந்துவிட்டால், அதுவரை இறுகப் பிடித்திருந்த பொருளைக் கூட மனம் தானாகவே விட்டுவிடுகிறது என்பதை நான் அந்த ஆண்டு முழுவதும் கண்டேன்.

முதலில் எடுத்தது காகிதங்களை. அவற்றில் பாசம் குறைவு. ஆகவே கை பழகுவதற்கு ஏற்றவை. கடந்துபோன ஆண்டுகளின் மின் கட்டண ரசீதுகள், விற்றுவிட்ட வண்டியின் காப்பீடு, பழுதாகி வெளியேறிய குளிர்பதனப் பெட்டியின் உத்தரவாத அட்டை ஆகியவற்றைக் கிழித்துத் தள்ளிய பின் எஞ்சியவற்றை இரண்டாகப் பிரித்தோம்: மறுபடி பெறக்கூடியவை, பெற முடியாதவை. பட்டாவைத் தமிழக அரசின் இணையச் சேவையிலும் வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலும் எந்த ஊரிலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமம் போன்றவை அரசின் மின்னணு ஆவணச் சேவையான டிஜிலாக்கரில் வழங்கப்பட்டிருந்தால், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அவை மூல ஆவணங்களுக்கு இணையாகக் கொள்ளப்படும். ஆனால் கிரயப் பத்திரத்தின் மூலப் பிரதி, பிள்ளைகளின் பட்டச் சான்றிதழ்கள், மாமனாரின் இறப்புச் சான்று, உயில் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து வங்கிப் பெட்டகத்தில் சேர்த்தோம். பெட்டகத்தில் வைத்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். ஆகவே நகைகளில் பெரும்பகுதியை மகளுக்கும் மருமகளுக்கும் அப்போதே பிரித்துக் கொடுத்துவிட்டேன். என் கையால், அவர்கள் அணிவதை நான் பார்க்கும்படி கொடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அதை ஏன் தள்ளிப்போட வேண்டும்?

அதிக நாள் பிடித்தது சமையலறை. எங்கள் தலைமுறையின் எவர்சில்வர் பாத்திரங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். பரணிலிருந்து இறக்கிய ஒரு தூக்குவாளியின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில் என் மாமியாரின் பெயரும், அதன் கீழே 'புதுமனை புகுவிழா' என்ற சொற்களும், கொடுத்தவரின் முதலெழுத்துகளும் இருந்தன. அந்த முதலெழுத்துகள் யாருடையவை என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. மாமியாரிடம் வாளியைக் கொடுத்தபோது அவர் விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்து, தம் சித்தி மகளின் பெயரைச் சொல்லி, அந்தப் புதுமனையில் பால் காய்ச்சிய கதையை அரை மணி நேரம் சொன்னார். அன்று ஒதுக்க நினைத்த பாத்திரங்களில் பாதி கூட முடியவில்லை. ஆனால் அதன்பின் பெயர் வெட்டிய பாத்திரங்களை எல்லாம் அவர் முன்னால் வைத்துத்தான் பிரித்தோம். யார் கொடுத்ததோ அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அது திரும்பிப் போக வேண்டும் என்று அவரே முடிவு சொன்னார். அந்தத் தூக்குவாளி இப்போது விருத்தாசலத்தில், அந்தச் சித்தி மகளின் பேத்தி வீட்டில் இருக்கிறது.

பித்தளைப் பாத்திரங்களைக் கடையில் எடைக்குப் போடுவது எளிது; ஆனால் கையை விட்டுப் போனால் அந்தக் கனத்தில் மீண்டும் வாங்குவது கடினம். எங்கள் குலதெய்வக் கோயிலில் ஒவ்வோர் ஆடியிலும் பொங்கல் வைக்கப் பாத்திரங்களை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். இரண்டு அண்டாவையும் ஒரு குண்டானையும் புதிதாக ஈயம் பூசி அங்கே கொடுத்தோம். மளிகைச் சாமான்களில் மிஞ்சிய அரிசியும் பருப்பும் வடலூருக்குப் போயின. வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, எங்கள் பக்கத்து மக்கள் விளைச்சலிலிருந்தும் வீட்டிலிருந்தும் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதித் தரச் சொல்லியிருந்தோம். பெங்களூரில் இருக்கும் மகள் கேட்டது பித்தளை முறுக்கு அச்சு ஒன்றைத்தான். நாம் அவர்களுக்காகச் சேர்த்து வைத்தவை பெரும்பாலும் அவர்களுக்குத் தேவைப்படாதவை என்று தெரிந்துகொள்வது முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு அதுவே எங்களுக்குப் பெரிய விடுதலையாக அமைந்தது.

பட்டுப் புடவைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அதில் இருக்கும் வெள்ளிக்காகவே பழைய பட்டுப் புடவைகளைத் தெருவில் வந்து விலைக்குக் கேட்கிறார்கள். நான் எதையும் அப்படிக் கொடுக்கவில்லை. என் கூறைப்புடவையைப் பிரித்தபோது, ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்ததால் மடிப்புக் கோடு நெடுகப் பட்டு இற்றுப் போயிருந்தது. சரிகைக்கரை மட்டும் அப்படியே பளபளத்தது. நல்ல பகுதிகளை வெட்டிப் பேத்திக்குப் பாவாடை சட்டை தைத்தோம். மற்றப் புடவைகளை நாத்தனார்களும் தம்பி மனைவியும் தாங்களே வந்து தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். எனக்கென்று ஐந்து வைத்துக்கொண்டேன். அந்த ஐந்தையும் மாதம் ஒருமுறை மடிப்பு மாற்றி வைக்குமாறு தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

கொலு பொம்மைகளைப் பிரிவது எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. பண்ருட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர்; அங்கே செய்த மண் பொம்மைகளும் காகிதக் கூழ் பொம்மைகளும் ஆண்டுக்கு ஒன்றிரண்டாகச் சேர்ந்து ஒன்பது படிகளை நிறைத்திருந்தன. பழைய வேட்டித் துணியில் சுற்றித் தகரப் பெட்டிகளில் வைத்திருந்த அவற்றை ஒரு நவராத்திரியில் கடைசியாக முழுவதும் அடுக்கி, தாம்பூலம் வாங்க வந்தவர்களிடம் அவரவர் விரும்பியதைச் சொல்லச் சொன்னோம். விஜயதசமி இரவு வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தபின், ஒவ்வொன்றாக அவர்கள் வீடுகளுக்குப் போயிற்று. செட்டுகளைப் பிரிக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தசாவதாரம் ஒரே வீட்டுக்கும் கல்யாண செட்டு ஒரே வீட்டுக்கும் போயின. என் தாய் வீட்டிலிருந்து வந்த மரப்பாச்சி இணை மட்டும் சிதம்பரத்துக்கு வந்தது.

புத்தகங்களில் பெரும்பகுதி நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் ஆண்டுதோறும் வாங்கியவை. அவற்றை நான் பணியாற்றிய பள்ளியின் நூலகத்துக்குக் கொடுப்பது எளிதாக இருந்தது. என் மாமனார் வார இதழ்களிலிருந்து கிழித்துப் பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகள்தாம் தயங்க வைத்தன. இவற்றைப் பேப்பர் கடையில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நூலாக வந்துவிட்ட கதையாக இருந்தாலும், அந்தப் பக்கங்களில் உள்ள சித்திரங்களும், ஓரத்தில் அச்சான விளம்பரங்களும், துணுக்குகளும் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். சென்னையில் 1994-இல் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் தனி ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த இத்தகைய அச்சுப் பொருள்களை அடித்தளமாகக் கொண்டதுதான். எங்களிடம் உள்ளவற்றின் இதழ் பெயர், ஆண்டு, பக்க நிலை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, எந்த நூலகத்துக்கு எது தேவை என்று கேட்டு எழுதிய பின்னரே கட்டுகளைக் கட்டினோம். பட்டியல் இல்லாமல் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்குவது நூலகத்தாருக்கும் சுமை.

புகைப்படங்களைக் கடைசிக்கு வைத்தோம். ஒட்டும் பசை தடவிய அட்டையும் மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்களில் பசை மஞ்சளாகிப் படங்களையும் பற்றியிருந்தது. கணவர் தையல் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே விட்டு, இரு கைகளாலும் மெதுவாக அறுத்து ஒவ்வொரு படத்தையும் எடுத்தார். பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதினோம். அடையாளம் சொல்ல மாமியார் இருக்கும்போதே இதைச் செய்தது நல்லதாயிற்று. ஸ்கேன் செய்து பிள்ளைகளிடம் ஒரு பிரதி, எங்களிடம் ஒரு பிரதி வைத்தபின், ஒரே பெட்டியில் அடங்கும் அளவுக்கு அசல் படங்களை வைத்துக்கொண்டோம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். கணவரின் ஸ்பேனர்களும் துளையிடும் கருவியும் அடுத்த வட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்கிய எலக்ட்ரீஷியன் தம்பிக்குப் போயின. பழைய கைப்பேசிகளையும் கணினியையும் தரவுகளை அழித்தபின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்தோம். ஆட்டுக்கல்லை எவரும் கேட்கவில்லை. குழியில் தண்ணீர் ஊற்றிப் பறவைகளுக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக்கொண்டார். பலா மரத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. மல்லிகையிலும் செம்பருத்தியிலும் பதியன் போட்டு வேர் பிடித்தவற்றைத் தெரு முழுவதும் கொடுத்தேன்.

பயணப் பைக்கு வரும்போது எங்களுக்கு விட்டுப் பழகிவிட்டிருந்தது. ஏசி மூன்றடுக்குப் பெட்டியில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்ல ரயில்வே அனுமதிக்கிறது. ஆனால் எங்கள் அளவுகோல் நடைமேடைப் படிக்கட்டு. போர்ட்டர் இல்லாமல், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி தானே தூக்கி ஏற முடிகிற பைதான் ஒருவருக்கு. நான்கு உடுப்பு, ஒரு சால்வை, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் இரண்டு மாதத்துக்கான மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு, மாற்று மூக்குக் கண்ணாடி, சிறு குக்கர் ஒன்று, அவ்வளவே. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு என்பதால் எங்கள் இருவருக்கு மட்டும் தனியாகச் சீட்டெடுப்போம். கணவருக்கு வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியம் வருகிறது. அதற்கான உயிர்வாழ்வுச் சான்றை ஆண்டின் எந்த நாளிலும் கொடுக்கலாம். அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். கைப்பேசியில் முகத்தைக் காட்டியே எடுத்துவிட முடிவதால் அதற்காக ஊர் திரும்ப வேண்டியதில்லை.

முதல் மாதம் மைசூர், அடுத்தது நாசிக். பிறகு கால்காவிலிருந்து 1903-இல் திறக்கப்பட்ட மலை ரயிலில் ஏறிச் சிம்லா போனோம். அங்கே குளிருக்குக் கம்பளி உடைகள் வாங்க வேண்டியிருந்தது. இறங்கும் முன் அவற்றைத் துவைத்து உலர்த்தி, நாங்கள் தங்கிய வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த அம்மாவின் பெயரையும் நோட்டுப் புத்தகத்தில் உரிய இடத்தில் எழுதியிருக்கிறேன். வரும் ஐப்பசியில் புரிக்குப் போகிறோம். அதற்கு முன் சிதம்பரத்து அறையில் இன்னும் பெயர் எழுதப்படாமல் இருக்கும் ஒரு தையல் இயந்திரத்துக்கும் மாமனாரின் மேசைக்கும் ஆள் கண்டுபிடிக்க வேண்டும்.