கௌரி இரண்டு தடவை வந்த கதை

தெரிந்த ஒரு சிறு நூலகத்துக்காக, உறுப்பினர் பெயர்களை அகரவரிசையில் அடுக்க பைத்தானில் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். பட்டியலில் ஒரே கௌரி இரண்டு இடத்தில் வந்தார். இரண்டையும் எவ்வளவு முறைத்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. 14 அங்குல மடிக்கணினி, 1366×768 திரை, டெபியன் லினக்ஸ், க்னோம் திரைச்சூழல். சரி, ஃபான்ட்தான் கோளாறு என்று முடிவுகட்டி அந்த வார இறுதியை அதற்கே ஒதுக்கினேன்.

ஆங்கிலப் பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டெஜாவு சான்ஸ் மோனோ, சோர்ஸ் கோட் ப்ரோ, ஃபிரா கோட், ஜெட்பிரெயின்ஸ் மோனோ என்ற நான்கு எழுத்துருக்களையும் போட்டுப் பார்த்தேன். சுழியும் (0) ஆங்கில ஓவும், ஒன்றும் (1) சிறிய எல்லும் பெரிய ஐயும் நான்கிலுமே தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. ஃபிராவிலும் ஜெட்பிரெயின்ஸிலும் இரண்டு குறிகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் வசதி உண்டு. எனக்கு அது பிடிக்காது. நான் நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட் அதை இயல்பாகவே அணைத்து வைத்திருப்பதால் தொந்தரவில்லை. கடைசியில் ஜெட்பிரெயின்ஸ். அதன் சிறிய எழுத்துகள் நல்ல உயரம். தமிழ் எழுத்து பக்கத்தில் வந்து உட்காரும்போது ஆங்கிலம் குள்ளமாகத் தெரிவதில்லை.

தமிழில்தான் நேரம் போனது. நிரலுக்கான சம அகல எழுத்துருக்களில் தமிழ் இருப்பது அபூர்வம். கணினியே வேறொன்றைக் கடன் வாங்கிப் போட்டுவிடும். எதை எடுக்கிறது என்று எஃப்சி-மேட்ச் கட்டளையைக் கேட்டால் லோகித் தமிழ் என்றது. சாதாரண எழுத்தில் லோகித் குறை சொல்ல முடியாதது. ஆனால் அதில் தடித்த வடிவம் தனியாக இல்லை. தடித்து எழுதச் சொன்னால் இருப்பதையே கணினி ஊதிக் காட்டும். என் எடிட்டரின் வண்ணத் திட்டமோ நிரலுக்கு நடுவே நான் தமிழில் எழுதும் குறிப்புரைகளைத் தடித்துக் காட்டுவது. ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டன. ஞகரம் மைத்துளி மாதிரி ஆகிவிட்டது.

நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இன்னொரு எழுத்துருவில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை தனித்தனியாக வரைந்தே வைத்திருக்கிறார்கள். எந்த எழுத்துருவை எடுப்பது என்று கணினிக்குச் சொல்லும் ஃபான்ட்கான்ஃபிக் கோப்பில் ஜெட்பிரெயின்ஸுக்கு அடுத்ததாக அதைச் சேர்த்தேன். எதுவும் மாறவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான், கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் கத்திக்கொண்டிருந்த பிழைச்செய்தியைப் படித்தேன்: ஒரு குறிச்சொல்லை மூடாமல் விட்டிருக்கிறேன். மூடியதும் சுழிகள் திறந்தன. வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியதும் 'கூ', 'ழு' இவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படுவதும் நின்றது.

அப்புறம் என் சோதனை வரியை ஒட்டினேன்: ௧க ௨உ ௭எ ௮அ கௌ கெள. இடப்பக்கத்து எண்ணும் வலப்பக்கத்து எழுத்தும் அச்சு அசல் ஒன்றே. அது பரவாயில்லை, தமிழ் எண்ணை நிரலில் யார் போடப்போகிறார்கள்? கடைசி இரண்டுதான் என் கௌரிகள். முதலாவது ககரமும் ஔகாரக் குறியும். இரண்டாவது 'கெ' தட்டி, பக்கத்தில் தனி ளகரம் தட்டியது. நான் நிறுவிய எந்தத் தமிழ் எழுத்துருவிலும் கண்ணால் பிரிக்க முடியவில்லை. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

'ெள' வருகிற இடத்தையெல்லாம் மாற்றிவிடலாமா என்றால், வெள்ளியும் தெளிவும் கெட்டுப்போகும். அதனால் சந்தேகத்துக்குரிய பெயர்களை மட்டும் தனியே எடுத்துக் காட்டும் ஐந்து வரி எழுதிச் சேர்த்தேன். திருத்துவது கையால்தான். முதல் ஓட்டத்தில் கௌரியோடு இரண்டு கௌதமன்களும் மாட்டினார்கள்.

டெர்மினலில் தமிழ் இன்னும் கோணல்தான். அது திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'ணொ' எப்படி ஒரு கட்டத்தில் அடங்கும்? இப்போதைக்குத் தமிழ் வெளியீட்டைக் கோப்பில் எழுதி எடிட்டரில் திறந்து பார்க்கிறேன்.