மணிக்குப் பத்து நிமிடம்

"இது எங்கள் வீடு" என்று சொல்லிக்கொண்டு, 2023 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒரு பெரியவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். அவருக்குப் பின்னால் படியேறி மூச்சு வாங்கியபடி மனைவி. வாடகை ஒப்பந்தத்தை எந்த அலமாரியில் வைத்தேன் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கவலை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வாடகைக்கு வீடு பிடிப்பது நம் ஊரில் வரன் தேடுவதற்குச் சமம். சம்பளச் சீட்டு கேட்டார்கள், கடன் பாக்கி இல்லை என்ற சான்று கேட்டார்கள், முந்தைய வீட்டுக்காரரின் கடிதம் கேட்டார்கள். ஜாதகம் ஒன்றுதான் பாக்கி. அப்படிக் கிடைத்த வீட்டை ஒருவர் தன்னுடையது என்றால் வயிறு கலங்காதா?

"1963 முதல் 1966 வரை" என்று அவரே சேர்த்துக்கொண்டபோதுதான் போன உயிர் திரும்பி வந்தது. ஆங்கிலத்தில் பேசினார் என்பது இன்னொரு நிம்மதி. என் ஜெர்மன் காய்கறி வாங்கப் போதும்; சொத்துத் தகராறுக்குப் போதாது.

உள்ளே அழைத்தேன். வாசலில் நின்றவரை உட்காரச் சொல்லாமல் அனுப்ப என்னால் முடியாது. என் கணவர் செருப்பு அடுக்கின் மேல் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடினார்.

நாங்கள் குடியிருக்கும் பகுதிக்கு மார்க் ட்வெய்ன் வில்லேஜ் என்று பெயர். அந்த அமெரிக்க எழுத்தாளர் 1878இல் சில மாதங்கள் இந்த ஊரில் தங்கினார், ஜெர்மன் மொழியின் இலக்கணத்தை நொந்து ஒரு கட்டுரையே எழுதினார். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் குடியிருப்பில் இருக்க எனக்குப் பிடிக்கும். ஆனால் பெயர் வைத்தது அவருக்காக மட்டுமல்ல. இது அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு. வேலைக்காக வால்டோர்ஃப் பக்கம் தினமும் போய்வரும் எங்களைப் போன்ற மென்பொருள் குடும்பங்கள் வந்து சேர்ந்தது அவர்கள் போன பிறகுதான். நாங்கள் 2019இல் குடிவந்தோம்.

பெரியவர் நேராகச் சமையலறைக்குப் போனார். எல்லோரும் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். அவர் தரையைப் பார்த்தார். சுவரும் தரையும் சேரும் மூலையில், எங்கள் அரிசி டப்பா இருக்கும் இடத்தைக் காட்டி, "டிரான்ஸ்ஃபார்மர் இங்கே இருந்தது" என்றார்.

அமெரிக்காவில் மின்சாரம் 110 வோல்ட்டை ஒட்டியது. ஜெர்மனியில் அன்று 220. அவர் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த டோஸ்டர், மிக்ஸர், கடிகாரம் எதையும் நேராகச் சுவரில் செருக முடியாது. இடையில் செங்கல் அளவுக்குக் கனமான ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது நாள் முழுவதும் முனகிக்கொண்டே இருக்குமாம். "அந்த முனகலில்தான் நான் தூங்குவேன். அடுத்த ஊருக்குப் போனதும் ஒரு வாரம் தூக்கம் வரவில்லை" என்றார்.

அதைவிட என்னை அசத்தியது கடிகாரக் கதை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும். மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை மாற்றாது. அமெரிக்காவில் 60 முறை, இங்கே 50 முறை. அந்தத் துடிப்பை எண்ணி ஓடும் கடிகாரம் இங்கே வந்ததும் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அவர் அம்மா அதைத் தூக்கிப் போட மறுத்துவிட்டாராம். பள்ளிக்குக் கிளம்ப ராணுவ வானொலியின் நேரம், சுவரில் அம்மாவின் நேரம். ஒரு நாள் போனால் நான்கு மணி நேரம் பிசகிய கடிகாரம், மூன்று வருடம் சுவரில் தொங்கியது.

நான் எதிர்ச்சுவரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அங்கே எங்கள் இரண்டாவது கடிகாரம் தொங்குகிறது, இந்திய நேரம் காட்டிக்கொண்டு. கோடையில் மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. அம்மா மருந்து சாப்பிட்டிருப்பாள், அப்பா நடைக்குப் போயிருப்பார் என்று கணக்குப் போடுவதற்காக. கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்று என் மகள் நூறு முறை சொல்லிவிட்டாள்.

எங்கள் வாசலுக்கு வருமுன் பெரியவரும் மனைவியும் முதலில் போனது, அவர் படித்த அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்கு. இங்கிருந்து நடந்து போகும் தூரம். அந்தப் பள்ளியைப் பற்றி நானும் பிறகு தேடிப் படித்தேன். போர் முடிந்த மறு வருடம், 1946 ஏப்ரலில், ராணுவத்தினரின் மனைவி மக்களை ஏற்றிய முதல் கப்பல் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்கு வந்தது. சுற்றிலும் இடிந்து கிடந்த நாடு. குண்டுக்குப் பெரும்பாலும் தப்பிய நகரங்களில் ஹைடல்பெர்க் ஒன்று. அதனால்தான் படைத் தலைமையகம் இங்கே வந்தது. ஜெர்மானியர்களின் நல்ல வீடுகளைக் காலி செய்யவைத்து அதிகாரிகளைக் குடியேற்றினார்கள், குடியிருப்புகள் கட்டியது அதற்குப் பிறகுதான். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமே? அந்த இலையுதிர் காலத்திலேயே ஃபிராங்ஃபர்ட், மூனிக், நியூரம்பெர்க், பெர்லினோடு ஹைடல்பெர்க்கிலும் உயர்நிலைப் பள்ளி தொடங்கிவிட்டது. ஆசிரியர்கள் அமெரிக்காவிலிருந்து, பாடப்புத்தகம் அமெரிக்காவிலிருந்து, பள்ளி அணிக்குப் பெயர் சிங்கங்கள். 67 வருடம் நடந்தது. 2013இல் கடைசி வகுப்பு பட்டம் வாங்கியதோடு மூடினார்கள். அதே வருடம் தலைமையகமும் விஸ்பாடனுக்குப் போய்விட்டது.

விஸ்பாடனில் இருந்த இதே மாதிரியான பள்ளி ஒன்றில்தான் 1959இல் பிரிஸில்லா என்ற பதினான்கு வயதுப் பெண் வந்து சேர்ந்தாள், விமானப்படை அதிகாரியின் வளர்ப்பு மகள். அங்கே பக்கத்தில் படைப்பணியில் இருந்த எல்விஸ் பிரெஸ்லியைச் சந்தித்துப் பிற்பாடு மணந்துகொண்டாள். இதை நான் சொன்னதும் பெரியவரின் மனைவி, "எங்கள் பள்ளிக்கு அப்படி யாரும் வரவில்லை, இவர்தான் வந்தார்" என்றார். அவரும் அங்கே படித்தவராம், ஐந்து வருடம் பின்னால்.

இங்கேதான் என் பொறாமை தலைதூக்கியது. நாங்கள் வந்தபோது விமான நிறுவனம் அனுமதித்தது ஆளுக்கு முப்பது கிலோ. அதில் இரண்டு கிலோ புளி, அம்மா இடித்துத் தந்த மிளகாய்த் தூள், குக்கர், மிக்ஸி. குக்கரின் வெயிட்டை எடுத்துச் சுங்க அதிகாரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்ததை இன்றும் மறக்கவில்லை. ஆனால் இவர்கள் ஊரையே வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! தங்கள் கடை, தங்கள் திரையரங்கு, தங்கள் தேவாலயம், தங்கள் வானொலி, டாலரில் விலை. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து கூட. இந்த நகரத்தின் தென்மேற்கில் பேட்ரிக் ஹென்றி வில்லேஜ் என்று இன்னொரு குடியிருப்பு, கிட்டத்தட்ட 97 ஹெக்டேர். அதற்குள் இருந்தால் ஜெர்மனியில் இருப்பதே தெரியாதாம். (இப்போது அங்கே அகதிகளைப் பதிவு செய்யும் மையம் இருக்கிறது. வந்திறங்குகிறவர்கள் கையில் முப்பது கிலோ கூட இருக்காது.) நான் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்காக ரயில் பிடித்து மான்ஹைம் போகிறேன்.

மூன்று வருடத்தில் எவ்வளவு ஜெர்மன் கற்றீர்கள் என்று கேட்டேன், கொஞ்சம் விஷமமாகத்தான். இரண்டே வாக்கியம் என்றார். ஒன்று, "வாஸ் கோஸ்டெட் தாஸ்": இது என்ன விலை. இன்னொன்று, வழி தவறினால் டிராம் நடத்துநரிடம் சொல்ல அம்மா கற்றுத்தந்தது. விலாசத் துண்டை நீட்டி, "இஷ் வோனே ஹியர்." நான் இங்கே குடியிருக்கிறேன்.

"அப்படியானால் உங்கள் சொந்த ஊர் எது?" நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, நான் மூன்றாவதாகக் கேட்டேன், அவ்வளவுதான் என் ஐரோப்பிய முன்னேற்றம்.

அவர் எட்டுப் பள்ளிகளில் படித்தவர். அப்பாவுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல். பிறந்தது டெக்சஸ், அங்கே இருந்தது நாலு மாதம். 1963 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கென்னடி சுடப்பட்ட செய்தி வானொலியில் வந்தபோது அவர் இந்தச் சமையலறையில் இருந்தார். அம்மா அழுததை முதன்முதலாகப் பார்த்தது இங்கேதான். பள்ளியில் அவருக்கு உயிர்த் தோழன் ஒரு கறுப்பினப் பையன். படைக்குள் நிறப் பாகுபாடு கூடாது என்று ட்ரூமன் 1948இல் ஆணை போட்டிருந்தார், ராணுவப் பள்ளியில் எல்லோரும் ஒரே வகுப்பு. 1966இல் அவர் அப்பா வியட்நாமுக்குப் போக, பிள்ளைகளோடு அம்மா ஜார்ஜியாவுக்குத் திரும்பினார். அங்கே புதுப்பள்ளியின் முதல் நாள் வகுப்பைச் சுற்றிப் பார்த்தாராம். எல்லாம் ஒரே நிறம். "என் நாட்டுக்கு நான் வந்து சேர்ந்த நாள் அது. அன்றுதான் ஊர் நினைவு வாட்டியது. இந்த ஊர் நினைவு."

ஆகவே அவருக்குச் சொந்த ஊர் என்பது ஒரு பள்ளிக்கூடம். கூடப் படித்தவர்கள் அமெரிக்காவில் ஏதாவதொரு ஓட்டலில் சில வருடத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள். ஊர்த் திருவிழாவை வேறு ஊரில் நடத்துவது போல.

நான் இங்கே நன்றாகவே பொருந்திவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்வது வழக்கம். குப்பையை நாலு நிறத் தொட்டியில் பிரிப்பேன், காலி பாட்டிலைக் கொடுத்துக் காசு வாங்குவேன், பச்சை விளக்கு வராமல் ஆளில்லாத தெருவைக் கூடக் கடக்க மாட்டேன். அவரிடமும் அதையே சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"எனக்கும் உங்களைப் போலத்தான். நெய்வேலி."

நெய்வேலி என்றால் நமக்குத் தெரியும். அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. பழுப்பு நிலக்கரிக்காக 1956இல் தொடங்கிய நிறுவனம், அதற்கென்றே கட்டிய நகரியம். தெருவுக்குப் பெயர் இருந்தாலும் யாரும் சொல்லமாட்டோம், பிளாக் எண்தான். பள்ளி நிறுவனத்தினுடையது, மருத்துவமனை நிறுவனத்தினுடையது, ஷிஃப்ட் சங்கு ஊதினால் சோறு வடிக்கும் நேரம். சுரங்கத்துக்காக நிலம் கொடுத்துவிட்டுப் போன கிராமத்துப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை. அப்பா பார்த்த வேலை, ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத வாளிச் சக்கர இயந்திரத்தில். ஜெர்மனி என்ற சொல்லை நான் முதலில் கேட்டதே "ஜெர்மன் மிஷின் ரிப்பேர், ராத்திரி வர நேரமாகும்" என்ற வாக்கியத்தில்தான்.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறம் ஒரு பலாமரம். அடியில்தான் காய்க்கும், உட்கார்ந்தபடியே தட்டிப் பார்க்கலாம். அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து கடலூருக்குப் போனோம். அந்த வருடம் மரத்தில் ஏழு காய், பிஞ்சுகள். பறிக்கவும் முடியாது, விட்டுவரவும் மனமில்லை. அம்மா லாரியில் ஏறுமுன் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினாள். பல வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது வாசலில் யாரோ வடகம் காயப்போட்டிருந்தார்கள். நான் கதவைத் தட்டவில்லை. இந்த மனிதர் கடல் தாண்டி வந்து தட்டியிருக்கிறார்.

"இது என்ன?" என்று மேடையைக் காட்டினார். மிக்ஸி. கோயம்புத்தூரில் செய்தது, மூன்று ஜார். டிரான்ஸ்ஃபார்மர் எங்கே என்றார். வேண்டாம், எங்கள் ஊரிலும் 230, இங்கேயும் 230, துடிப்பும் அதே 50. பிளக்குக்கு மட்டும் ஒரு மாற்றி என்றேன். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மூன்று வருடம்" என்று மனைவியைப் பார்த்தார், "மூன்று வருடம் அம்மா பட்ட பாடு! இவர்கள் நேராகச் செருகிவிட்டார்கள்."

ஒருமுறை ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

எனக்கும் என் கணவருக்கும் கண்ணோடு கண் பேச்சு நடந்தது. குடிவந்த மூன்றாவது வாரமே கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ஞாயிறு ஓய்வு நாள், தங்கள் இயந்திரத்தை வார நாளில் இயக்கவும். அழகான கையெழுத்து, கீழ் வீட்டு மூதாட்டியுடையது. அன்று நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சட்னி அரைக்கக் கூடாத நாட்டுக்கா வந்தோம்? அதிலிருந்து எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவே எல்லாம் அரைத்து ஃபிரிட்ஜில் ஏறிவிடும். ஞாயிறு இட்லிக்குச் சில்லென்ற சட்னி, நாலு வருடமாக.

"கொஞ்சம் ஓட்டேன்" என்றார் என் கணவர்.

தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், உப்பு. மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகினேன். சமையலறை அதிர்ந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கச்சேரி கேட்பதைப் போல. இருபது நொடி இருக்கும். நிறுத்தி, ஜாரைக் கழற்றி, கரண்டியால் வழித்தபோது அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால் கீழ் வீட்டு மூதாட்டி. வாயில் வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் என் தோளுக்குப் பின்னாலிருந்து பெரியவர் முன்னே வந்தார், நெஞ்சில் கைவைத்துக்கொண்டு.

"இஷ் வோனே ஹியர்" என்றார்.

மூதாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு என் கையிலிருந்த ஜாரை. பொட்டுக்கடலை இன்னும் சரியாக அரைபடவில்லை.